அயோவா, பென்டன் கவுன்ட்டியில் வீடு பார்க்கிறோம். குளிர் தாங்குமா?

கிழக்குவாசல்

எல்லோருக்கும் வணக்கம். டாலஸில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். எனக்கு சீடர் ராபிட்ஸில் வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்குள் வேண்டாம், கொஞ்சம் நிலத்தோடு வீடு வேண்டும் என்பது வீட்டம்மாவின் நெடுநாள் ஆசை. அதனால் பக்கத்து பென்டன் கவுன்ட்டியில், அட்கின்ஸுக்கும் நியூஹாலுக்கும் நடுவே சரளைச் சாலையில் இரண்டு ஏக்கரோடு ஒரு பழைய பண்ணை வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஜூன் முதல் வாரம் போய்ப் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய வரை பச்சை, இதமான வெயில், சொர்க்கம்தான்.

டாலஸ் நண்பர்கள் எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடுகிறார்கள்: "குளிரில் செத்துப்போவாய்." பிள்ளைகளுக்கு ஆறு வயது, ஒன்பது வயது. இரண்டு காரும் செடான். அங்கே இருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள், குளிர் எவ்வளவு மோசம்?

வின்டன்வாசி

வாங்க, வாங்க. நான் வின்டனில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். கவுன்ட்டியின் தலைநகரம் என்று பெயர், நம்மூர் பேரூராட்சி அளவுதான்.

குளிருக்கு நேர் பதில்: ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 28 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி, இரவில் 10, 12 என்று இருக்கும். வருடத்துக்குச் சுமார் 30 அங்குலம் பனி. நல்ல ஜாக்கெட், பூட்ஸ், ஒழுங்காக ஓடும் ஃபர்னஸ், இந்த மூன்றும் இருந்தால் பிள்ளைகள் மைனஸிலும் பள்ளிக்கூடம் போய் வருவார்கள். ஜனவரியில் பளீரென்று வெயில் அடிக்கும் நாட்கள் நிறைய உண்டு. சன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்தால் கோடை என்று தோன்றும். வெளியே போய் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தால் உள்ளே இருக்கும் முடி உறைந்து குத்தும். அப்போது தெரியும் மைனஸ் பத்து என்று.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி குளிரைப் பற்றியதல்ல. காற்றைப் பற்றியது. ஊருக்குள் இருப்பவருக்கும் சரளைச் சாலையில் இருப்பவருக்கும் வித்தியாசமே அதுதான். அக்டோபரில் மக்காச்சோளத்தை அறுத்துவிட்டால் உங்கள் வீட்டுக்கும் மேற்கு அடிவானத்துக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. பனி விழுந்து இரண்டு நாள் கழித்து, வானம் நீலமாக இருக்கும்போது, வடமேற்கிலிருந்து 40 மைல் வேகத்தில் காற்று கிளம்பும். வயலில் கிடக்கிற பனி தரையோடு தரையாகப் பாம்பு மாதிரி நெளிந்து வந்து சாலையை மூடும். தலைக்கு மேலே சூரியன் தெரியும், முன்னால் பானெட் தெரியாது. இதைத் தரைப் பனிப்புயல் என்பார்கள். புதுப் பனி ஒரு பொட்டு விழ வேண்டாம்.

கவுன்ட்டி வண்டி முதலில் தார்ச் சாலைகளைத்தான் தள்ளும். சரளைக்கு வர நேரமாகும். வந்து தள்ளிவிட்டுப் போனாலும், வடக்கு தெற்காகப் போகிற சாலையைக் காற்று ஒரு மணி நேரத்தில் மறுபடி மூடிவிடும். செடான் இரண்டில் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

சிஆர்_கார்த்தி

இதற்குத்தான் சொல்கிறேன், ஊருக்குள்ளேயே வாங்குங்கள் ப்ரோ. நான் சீடர் ராபிட்ஸில் இருக்கிறேன், ஹையாவதா பக்கம். பனி விழுந்தால் காலை ஏழு மணிக்குள் சாலை சுத்தம். இரண்டு ஏக்கர் புல்லை யார் வெட்டுவது?

ஜெயா_நியூஹால்

கார்த்தி, ஆசைப்பட்டவரை ஏன் பயமுறுத்துகிறாய்?

தம்பி, நாங்கள் நியூஹாலுக்கு வெளியே இருக்கிறோம், நீங்கள் பார்த்த வீட்டிலிருந்து அநேகமாக நாலைந்து மைல் இருக்கும். நான் தஞ்சாவூர்க்காரி, வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்த விவசாயி. 2019 ஜனவரிக் கடைசியில் துருவக் காற்று இறங்கியபோது அயோவாவில் தபால்காரர்களே ஒரு நாள் வரவில்லை, அஞ்சல் துறை விநியோகத்தை நிறுத்திவிட்டது. மிசிசிப்பிக்கு அந்தப் பக்கம் இல்லினாயில் மவுன்ட் கரோலில் ஜனவரி 31 அன்று மைனஸ் 38 ஃபாரன்ஹீட். அந்த மாநிலத்துக்கே அதுதான் சாதனை. அப்போதும் நாங்கள் வீட்டுக்குள் சாம்பார் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

குளிர் சொல்லிவிட்டு வரும். ஒரு வாரம் முன்பே வானிலை அறிக்கை சொல்லிவிடும். வின்டன்வாசி சார் சொன்ன காற்றும் பழகிவிடும். சொல்லாமல் வந்தது ஒன்றே ஒன்றுதான், 2020 ஆகஸ்ட் 10.

அன்று திங்கட்கிழமை. காலையில் இலை அசையவில்லை, புழுக்கம். மதியம் பன்னிரண்டரை வாக்கில் மேற்கே வானம் கறுத்தது. கறுப்பு கூட இல்லை, பழைய பித்தளைப் பாத்திரத்தின் களிம்பு மாதிரி ஒரு பச்சை. போனில் எச்சரிக்கை அலறியது. வழக்கமான இடிமழைதான் என்று கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனேன். இரண்டு துண்டு எடுத்திருப்பேன், காற்று வந்துவிட்டது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து பேஸ்மென்ட் படியில் தள்ளாத குறை.

சுழற்காற்று என்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். இது முக்கால் மணி நேரம் நிற்கவே இல்லை. அட்கின்ஸ் பக்கம் ஒரு கருவியில் மணிக்கு 126 மைல் பதிவானது. கிலோமீட்டரில் 200-க்கு மேல். மேலே ஏறி வந்து பார்த்தால் தானியக் குதிர் ஒன்று, தகரத்தாலான பெரிய குதிர், நசுங்கிய பால் டப்பா மாதிரி பக்கத்து வயலில் கிடந்தது. மக்காச்சோளம் அத்தனையும் கிழக்குப் பார்த்துப் படுத்திருந்தது, யாரோ சீப்பால் வாரிவிட்டது போல. வீட்டின் மேற்குச் சுவர் முழுக்கச் சோள இலைத் துணுக்கு, பசை போட்டு ஒட்டியது மாதிரி. அதைச் சுரண்டி எடுக்க மூன்று நாள் ஆனது. ஊரே புல் வெட்டிய வாசனை.

பதினோரு நாள் மின்சாரம் இல்லை. ஊருக்குள் கரன்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வரும். நமக்குக் கிணறு, மோட்டார். கரன்ட் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை. இதை வீட்டு புரோக்கர் சொல்லியிருக்க மாட்டார். ஜெனரேட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிர் ஜாக்கெட்டுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

கிழக்குவாசல்

அக்கா, படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. இது சூறாவளியா? கடலே இல்லாத ஊரில் எப்படி?

வானிலைப்பித்தன்

நான் டி மொயினில் இருக்கிறேன், பொழுதுபோக்கே இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது சூறாவளி இல்லை, டொர்னேடோவும் இல்லை. அதன் பெயர் டெரேச்சோ. ஸ்பானிய மொழியில் "நேராக" என்று பொருள். இடிமழை மேகங்கள் வில் மாதிரி வளைந்து ஒரே வரிசையாகத் திரண்டு, அவற்றிலிருந்து கீழே கொட்டும் குளிர்ந்த காற்று முன்னோக்கி உந்திக்கொண்டே போவது. சுழலாது, நேராக அடிக்கும். அதனால்தான் அக்கா பார்த்த சோளம் ஒரே திசையில் படுத்திருந்தது. டொர்னேடோ போன இடத்தில் பல திசையிலும் கிடக்கும்.

அந்தப் பெயரை வைத்தவரே இந்த ஊர்க்காரர். அயோவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ், 1877 ஜூலையில் அயோவாவைக் குறுக்கே கடந்த ஒரு காற்றை ஆராய்ந்து, 1888-ல் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அப்புறம் ஏறக்குறைய நூறு வருடம் அது புழக்கத்திலிருந்தே போய்விட்டது. 1980களில் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி எடுத்தார்கள். 2020-க்குப் பிறகு இங்கே பெட்டிக்கடைக்காரருக்கும் அந்த வார்த்தை தெரியும்.

2020-ல் வந்தது தெற்கு டகோட்டாவில் கிளம்பி ஒஹாயோ வரை 14 மணி நேரத்தில் 770 மைல் ஓடியது. சேதம் 1,100 கோடி டாலர் அளவில். சீடர் ராபிட்ஸில் உச்ச வேகம் 140 மைல் இருந்திருக்கும் என்று இடிந்த கட்டடங்களை வைத்துக் கணித்தார்கள். எனவே கார்த்தி, ஊருக்குள் இருந்தால் தப்பித்தோம் என்பதெல்லாம் இல்லை.

சிஆர்_கார்த்தி

சரி, ஒத்துக்கொள்கிறேன். நகரத்தின் மரங்களில் பாதிக்கும் மேல் அன்று போனது. எங்கள் தெருவில் நிழல் என்பதே இல்லாமல் போய் இப்போதுதான் கன்றுகள் தலை தூக்குகின்றன.

ஆனாலும் அது நூறு வருடத்துக்கு ஒரு முறை வருவது. வருடா வருடம் என்னைக் கொல்வது ஜூலைதான். பேசாமல் அதைச் சொல்லுங்கள் அவரிடம்.

பெரம்பூர்_பாலா

ஜூலையா? சென்னையில் முப்பது வருடம் வளர்ந்தவனுக்கு அயோவா ஜூலை எல்லாம் ஜுஜுபி. 84, 85 டிகிரி. அது எங்களுக்கு மார்கழி.

சிஆர்_கார்த்தி

பாலா அண்ணே, நீங்கள் இருப்பது ஏசி ஆபீஸில். பிற்பகல் நாலு மணிக்குச் சோளக்காட்டு ஓரமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

வானிலைப்பித்தன்

இரண்டு பேரும் பாதி சரி. வெப்பமானியைப் பார்க்காதீர்கள், பனிப்புள்ளியைப் பாருங்கள். காற்றில் உள்ள ஈரத்தைச் சொல்வது அதுதான். சென்னையில் அது ஏறக்குறைய வருடம் முழுக்க 75 ஃபாரன்ஹீட்டை ஒட்டியே நிற்கும். இங்கே ஜனவரியில் சில நாட்கள் பூஜ்யத்துக்குக் கீழே, ஜூலை நடுவில் சில நாட்கள் 80. அந்த ஜூலை நாட்கள் சென்னையையே மிஞ்சும். நல்லவேளை, ஒரு குளிர்முனை, அதாவது வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றின் விளிம்பு, வந்து மூன்றாம் நாளே 58-க்கு இறக்கிவிடும்.

ஈரத்தின் பெரும்பங்கு மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வருகிறது. நடுவே மலை எதுவும் கிடையாது, தெற்குக் காற்று தடையில்லாமல் ஏறி வரும். அதே காரணத்தால்தான் கனடாக் குளிரும் தடையில்லாமல் இறங்குகிறது. அதன் மேல் மக்காச்சோளம் தன் பங்கைச் சேர்க்கும். நன்றாக வளர்ந்த ஒரு ஏக்கர் மக்காச்சோளம் ஒரு நாளைக்கு 3,000 முதல் 4,000 காலன் தண்ணீரை இலை வழியாக ஆவியாக்கும். நம் கணக்கில் பதினோராயிரம் லிட்டருக்கு மேல். அயோவாவில் மட்டும் இப்படிச் சுமார் 1 கோடியே 30 லட்சம் ஏக்கர். உள்ளூர்க்காரர்கள் "சோளம் வியர்க்கிறது" என்றே சொல்வார்கள்.

ஜெயா_நியூஹால்

வியர்வை நாளில் ராத்திரி வயல் பக்கம் நின்றால் இனிப்பாக ஒரு வாசனை வரும். எனக்குப் பிடிக்கும். சோளம் வளர்கிற சத்தம் கேட்கும் என்பார் என் மாமனார். இருபது வருடமாகக் காது கொடுத்துப் பார்க்கிறேன், கொசு சத்தம்தான் கேட்கிறது.

கிழக்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. டொர்னேடோ டாலஸிலும் உண்டு என்பதால் அதற்குப் பழகியவர்கள்தான் நாங்கள். இந்த வீட்டில் பேஸ்மென்ட் இருக்கிறது. ஆனால் உள்ளே போனபோது ஒரு மூலையில் தரை ஈரமாக இருந்தது. விற்பவர் "வசந்தத்தில் அப்படித்தான்" என்றார். அப்படித்தானா?

வின்டன்வாசி

அப்படித்தான், ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது.

இங்கே வருடத்துக்குச் சுமார் 36 அங்குலம் மழை. அதிகம் பெய்வது மே, ஜூனில். மார்ச்சில் நிலம் மேலிருந்து உருகும், அடியில் இன்னும் உறைந்திருக்கும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. அந்த மூன்று வாரம் உங்கள் சரளைச் சாலை சாலையாக இருக்காது, அதிரசப் பாகு பதத்தில் இருக்கும். போன மார்ச்சில் எங்கள் தெரு முனையில் பள்ளிப் பேருந்தே அச்சு வரை இறங்கி, ஒரு டிராக்டர் வந்து இழுத்தது.

வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய் புதைத்திருப்பார்கள், அதனால் வயல் சீக்கிரம் காயும். உங்கள் பேஸ்மென்ட்டுக்குப் பொறுப்பு சம்ப் பம்ப். தரையில் ஒரு குழி, அதற்குள் மோட்டார். தண்ணீர் ஏறினால் தானாக ஓடி வெளியே தள்ளும். அது எத்தனை வருடப் பழசு என்று கேளுங்கள். பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் ஒன்றும் வையுங்கள். தண்ணீர் ஏறுவது இடிமழை ராத்திரியில், கரன்ட் போவதும் அதே ராத்திரியில்.

ஆற்று வெள்ளம் உங்கள் மேட்டு நிலத்துக்கு வராது. சீடர் ஆறு எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. 2008 ஜூனில் சீடர் ராபிட்ஸில் 31 அடியைத் தாண்டியது. அதற்கு முந்தைய சாதனை 20 அடி. மேலே 11 அடி என்றால் யாருக்குத்தான் கற்பனை வரும்?

பெரம்பூர்_பாலா

மழை பற்றி ஒரு சந்தேகம், யாராவது விளக்குங்கள். நம்மூரில் இடிமழை என்றால் சாயந்திரம். இங்கே ஏன் எப்போதும் ராத்திரி இரண்டு மணிக்கு இடிக்கிறது? குழந்தை தூங்கவிடாமல் படுத்துகிறது.

வானிலைப்பித்தன்

நல்ல கேள்வி. மேற்கே ராக்கி மலைப் பக்கமும் நெப்ராஸ்காவிலும் பிற்பகலில்தான் மேகம் பிறக்கிறது. அங்கேயும் சாயந்திரம்தான் இடி. அது கூட்டமாகச் சேர்ந்து கிழக்கே நகர்ந்து நம்மிடம் வரும்போது நடுராத்திரி ஆகிவிடும். அதற்குள் செத்துப்போக வேண்டிய மேகம்தான், ஆனால் பொழுது சாய்ந்ததும் தரைக்குச் சில ஆயிரம் அடி மேலே தெற்கிலிருந்து ஒரு காற்றோட்டம் வேகம் பிடிக்கும். வளைகுடா ஈரத்தை ராத்திரி முழுக்கக் கொண்டுவந்து மேகத்துக்கு ஊட்டும். சோளத்துக்கு வேண்டிய கோடை மழையில் பெரும்பங்கு இந்த ராத்திரி மழைதான். உங்கள் குழந்தையிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

கிழக்குவாசல்

சம்ப் பம்ப், ஜெனரேட்டர், பழைய பிக்கப் ஒன்று. பட்டியல் நீள்கிறது. அந்த வீட்டில் கேஸ் லைன் கிடையாது, கொல்லையில் வெள்ளையாக ஒரு புரொப்பேன் டேங்க் இருக்கிறது. குளிர்காலத்துக்கு எப்போது நிரப்புவது?

ஜெயா_நியூஹால்

கோடையிலேயே விலை பேசி ஒப்பந்தம் போட்டுவிடுங்கள் தம்பி. குளிர்காலம் வந்த பிறகு கேட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை. எங்களுக்கு ஒரு வருடம் லாரி வர ஒன்பது நாள் ஆனது, டேங்க் முள் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், அவர்களோடு இன்னமும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

இன்னொன்று. அறுவடைச் சமயம் மழை பெய்தால் காது கொடுத்துக் கேளுங்கள். ஈரச் சோளத்தைக் காயவைக்கும் எந்திரங்களும் புரொப்பேனில்தான் ஓடுகின்றன. 2013 இலையுதிர்காலத்தில் அப்படி ஈரமான அறுவடை, இருப்பெல்லாம் வயலிலேயே தீர்ந்தது. பின்னாலேயே 2014 ஜனவரியில் கடுங்குளிர். விலை தாறுமாறாக ஏறியது. அக்டோபர் மழைக்கு ஜனவரியில் காசு கட்டினோம்.

அக்டோபர் என்றதும் ஞாபகம் வருகிறது. வருடத்திலேயே அழகான மாதம். முதல் உறைபனி விழுந்து கொசு செத்திருக்கும். விடிய விடிய அறுவடை எந்திரத்தின் விளக்கு வயலில் ஊரும். ஆனால் சோயாவை அறுத்து முடித்த பிறகு வருகிற முதல் வெதுவெதுப்பான பிற்பகலில் ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். ஆரஞ்சு நிறப் பொறிவண்டுகள் ஆயிரக்கணக்கில் தெற்குச் சுவரில் வந்து ஒட்டும். குளிருக்கு ஒதுங்க இடம் தேடி இடுக்கு வழியாக உள்ளே புகுந்துவிடும். நசுக்கினால் மஞ்சள் கறை, நாற்றம் வேறு. ஜனவரியில் ஒரு நாள் தோசை வார்க்கும்போது மேலேயிருந்து கல்லில் விழும்.

சிஆர்_கார்த்தி

தோசைக்கல்லில் வண்டு விழாத வீடுகள் ஹையாவதாவில் விற்பனைக்கு உள்ளன.

வின்டன்வாசி

கார்த்தியை விடுங்கள். ஒரு விஷயம் கேட்க மறந்துவிட்டேன். வீட்டுக்கு மேற்கேயும் வடக்கேயும் மரம் இருக்கிறதா? இங்கே பழைய பண்ணை வீடு எதைப் பார்த்தாலும் அந்த இரண்டு பக்கமும் எல் வடிவில் இரண்டு மூன்று வரிசை மரம் நிற்கும். வண்டியில் போகும்போது வெறும் வயல் நடுவே மரக்கூட்டம் தெரிந்தால் அங்கே ஒரு வீடு இருக்கிறது என்று அர்த்தம். அழகுக்கு வைத்ததல்ல, வடமேற்குக் காற்றுக்கு வைத்த அணை.

கிழக்குவாசல்

சார், நீங்கள் கேட்ட பிறகு நாங்கள் எடுத்த போட்டோக்களைத் திரும்பப் பார்த்தேன். மரமே இல்லை. "பரந்த வெளி" என்று மனைவி மயங்கியதே அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான். கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் புரட்டினால் 2019-ல் நீங்கள் சொல்கிற அதே எல், இரண்டு வரிசை. 2021 படத்தில் வெறும் புல். புல்லுக்குள் வட்டம் வட்டமாக ஏதோ தெரிகிறது.

ஜெயா_நியூஹால்

வேர்க்கட்டைகள். முக்கால் மணி நேரத்தில் போனது அது.

கிழக்குவாசல்

அப்படியானால் வாங்க வேண்டாமா?

ஜெயா_நியூஹால்

யார் சொன்னது? விலையில் குறைத்துக் கேளுங்கள். வாங்கிய கையோடு நடுங்கள். இந்த மாநிலத்து நாற்றங்காலில் கன்று மலிவாகக் கிடைக்கும், குளிர்காலத்திலேயே சொல்லி வைக்க வேண்டும். ஒரு வரிசை சிவப்பு சீடர், ஒரு வரிசை ஸ்ப்ரூஸ். ஒரே இனமாக வைக்காதீர்கள், நோய் வந்தால் மொத்தமாகப் போகும்.

வின்டன்வாசி

வீட்டிலிருந்தும் வண்டிப் பாதையிலிருந்தும் குறைந்தது நூறு அடி தள்ளி வையுங்கள். காற்று மரத்தைத் தாண்டியதும் வேகம் குறைந்து பனியைக் கீழே போடும். கிட்டத்தில் வைத்தால் அந்த மேடு நேராக உங்கள் கார் நிற்கும் இடத்தில் சேரும். நான் செய்த தப்பு அது. எட்டு வருடமாக மண்வாரியோடு அனுபவிக்கிறேன்.

வானிலைப்பித்தன்

கன்று வளரும் வரை ஒரு குறுக்குவழி உண்டு. மேற்கு வயலின் சொந்தக்காரரிடம் பேசி, ஓரத்தில் சில வரிசை மக்காச்சோளத்தை அறுக்காமல் வசந்தம் வரை விடச் சொல்லுங்கள். அந்தச் சோளத்துக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். மாநிலப் போக்குவரத்துத் துறையே நெடுஞ்சாலை ஓரங்களில் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து இப்படி விடச் சொல்கிறது. காய்ந்த தட்டைதான், பனியைப் பிடித்து நிறுத்திவிடும்.

கிழக்குவாசல்

இது நல்ல யோசனை. வீட்டம்மாவிடம் மொத்த இழையையும் படித்துக் காட்டினேன். பொறிவண்டுக்கு மட்டும் முகம் சுளித்தார். நாளை புரோக்கரிடம் சம்ப் பம்ப் வயதையும் விலையையும் பேசுகிறேன். ஏப்ரலில் நடலாமா, அதற்குள் மண் உருகியிருக்குமா?

ஜெயா_நியூஹால்

உருகியிருக்கும். சேறாக இருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கன்றுக்கும் வலைக்கூண்டு கட்டுங்கள், இல்லாவிட்டால் மான் ஒரே ராத்திரியில் தீர்த்துவிடும். நாங்கள் 2021-ல் அறுபது ஸ்ப்ரூஸ் வைத்தோம், மான் தின்றது போக நாற்பத்தொன்று நிற்கிறது. என் தோள் உயரம் வந்திருக்கிறது. போன ஜனவரியில்தான் முதல் தடவையாக அதன் பின்னால் முழங்கால் அளவுக்கு ஒரு பனி மேடு சேர்ந்தது. வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.